உங்கள் சிறு பண்ணையின் பாசன அமைப்பு உண்மையில் எப்படி வேலை செய்கிறது? அளந்து பார்க்க முழுமையான வழிகாட்டி

சொட்டுநீர் என்றால் 90 சதவீதத் திறன் (விட்ட தண்ணீரில் பயிருக்குப் போய்ச்சேரும் பங்கு), தெளிப்பான் 75, வாய்க்கால் பாய்ச்சல் 60. எந்தப் பாசனக் கையேட்டைப் புரட்டினாலும் இந்த மூன்று எண்களும் நிற்கும். புதிதாக ஒரு அமைப்பைத் திட்டமிடும்போது கணக்குப் போட அவை உதவும், அவ்வளவுதான். நன்றாகச் சமன்படுத்தி, அளந்து பாய்ச்சுகிற ஒரு பாத்தி வயல், பாதி சொட்டுவான் அடைத்துக் கிடக்கிற சொட்டுநீர்த் தோட்டத்தைத் தோற்கடித்துவிடும். உங்கள் வயலின் எண் வயலில்தான் கிடைக்கும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். யாரும் சராசரிச் செடிக்குத் தண்ணீர் விடுவதில்லை. கடைமடையில் வாடுகிற செடியைப் பார்த்துத்தான் மோட்டாரை இன்னும் அரை மணி நேரம் ஓட விடுகிறோம், அந்த அரை மணி நேரத்தில் ஏற்கெனவே வயிறு நிறையக் குடித்த தலைமடைக்கும் சேர்த்துத்தான் தண்ணீர் போகிறது. ஆக, வீணாவது பெரும்பாலும் சமமில்லாத பங்கீட்டால்தான். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் பங்கீட்டை அளப்பதைப் பற்றியே இருக்கும்.

தயாராவது

பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ஸ்டாப்வாட்ச் (செல்போனில் இருப்பது போதும்), மில்லி லிட்டர் கோடு போட்ட அளவுக் குவளை, ஒரே அளவுள்ள டப்பாக்கள் இருபது, கொள்ளளவு தெரிந்த ஒரு டிரம், அளவு நாடா, குச்சிகள், ஒரு பிரஷர் கேஜ், விரல் கனத்தில் ஒரு மீட்டர் நீள இரும்புக் கம்பி, மண்வெட்டி, நோட்டு. கேஜ் மட்டும் கொஞ்சம் நல்லதாக வாங்குங்கள். சொட்டுநீருக்கு 0 முதல் 2.5 அல்லது 4 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்டுவது போதும், 10 பார் கேஜை வைத்துக்கொண்டு 0.8-க்கும் 1.0-க்கும் உள்ள வித்தியாசத்தைப் படிக்க முடியாது.

அப்புறம் ஒரு காகிதத்தில் வயலை வரையுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஃபில்டர், வால்வு, பிரதான குழாய் அல்லது வாய்க்கால், மேடு எது, பள்ளம் எது, எந்த மூலையில் பயிர் எப்போதுமே நோஞ்சானாக நிற்கிறது. கடைசியாகச் சொன்னதைக் கட்டாயம் குறியுங்கள், பின்னால் வரும் எண்களை அதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

படி 1: எவ்வளவு தண்ணீர் வருகிறது

குழாயில் வந்தால் டிரம்மை வைத்து நிரப்புங்கள். 200 லிட்டர் டிரம் 50 விநாடியில் நிரம்பினால் நொடிக்கு 4 லிட்டர். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். மோட்டார் போட்டதும் அளக்காதீர்கள், கிணற்று மட்டம் இறங்கி நிலைத்த பிறகு, அதாவது குறைந்தது அரை மணி நேரம் ஓடிய பிறகு அளப்பதுதான் நிஜமான அளவு. சோலார் பம்பு என்றால் காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் அளக்க வேண்டும், உச்சிவேளை எண்ணை மட்டும் வைத்து நாள் முழுதுக்கும் பெருக்கினால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

வாய்க்கால் என்றால் எளிய வழி மிதவை. பத்து மீட்டர் நேரான பகுதியில் ஒரு பந்தையோ காய்ந்த மரத்துண்டையோ மிதக்கவிட்டு நேரம் பாருங்கள், வேகத்தை நீரோட்டத்தின் குறுக்குப் பரப்பால் பெருக்குங்கள். மேலே ஓடும் தண்ணீர் அடியில் ஓடுவதைவிட வேகமானது, எனவே வந்த விடையை மண் வாய்க்காலுக்கு 0.7-ஆலும், வழவழப்பான சிமெண்ட் வாய்க்காலுக்கு 0.85-ஆலும் பெருக்கிச் சரிசெய்யுங்கள். இது உத்தேசம்தான்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஒரு தகட்டில் 90 பாகை கோணத்தில் முக்கோண வெட்டு வெட்டி வாய்க்காலின் குறுக்கே நிறுத்தி, முழுத் தண்ணீரும் அந்த வெட்டு வழியாக விழும்படி சுற்றிலும் மண்ணால் அடைத்துவிடுங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேலே தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் உயரம் நிற்கிறது என்று, தகட்டுக்குச் சற்று முன்னால், நீர்மட்டம் வளையத் தொடங்காத இடத்தில் பாருங்கள். 5 செ.மீ. என்றால் நொடிக்கு சுமார் 0.8 லிட்டர், 10 என்றால் 4.4, 15 என்றால் 12. உயரம் ஒன்றரை மடங்கானால் தண்ணீர் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள், உயரத்தை அளக்கும்போது அரை சென்டிமீட்டர் பிசகு கூட இங்கே பெரிது. தகட்டின் மறுபக்கம் தண்ணீர் தாராளமாகக் கீழே விழ வேண்டும், தேங்கி நின்றால் இந்த அளவு செல்லாது.

படி 2: பம்பு தின்னும் மின்சாரம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பம்பு ஓடும் ஒரு மணி நேரத்துக்கு மீட்டரில் எத்தனை யூனிட் ஏறுகிறது என்று குறியுங்கள். தண்ணீர் ஏறும் மொத்த உயரம் வேண்டும்: ஓடும்போது உள்ள கிணற்று மட்டத்திலிருந்து கேஜ் இருக்கும் இடம் வரை உயரம், அதோடு கேஜில் காட்டும் ஒவ்வொரு பாருக்கும் பத்து மீட்டர். நொடிக்கு 3 லிட்டர், மொத்த உயரம் 25 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 3 × 25 × 9.81 ÷ 1000 = 0.74 கிலோவாட். இதுதான் தண்ணீருக்குள் உண்மையில் போன சக்தி. அந்த ஒரு மணி நேரத்தில் மீட்டரில் 1.9 யூனிட், அதாவது 1.9 கிலோவாட், ஏறியிருந்தால் திறன் 39 சதவீதம். சிறிய பம்புகளில் 50-ஐத் தொட்டாலே நான் நல்லது என்பேன், 35-க்குக் கீழே போனால் இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) தேய்வு, உறிஞ்சு குழாயில் காற்று, தேவைக்குப் பொருந்தாத பம்பு என்று வரிசையாகச் சந்தேகப்படலாம். இந்தக் கணக்கெல்லாம் சலிப்பாக இருந்தால் ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்பதை மட்டும் எழுதி வையுங்கள், ஒவ்வொரு பருவத்திலும் அதே எண்ணைப் பார்த்தால் பம்பு கெட்டுக்கொண்டு வருவது தெரிந்துவிடும். டீசல் இன்ஜினாக இருந்தால் யூனிட்டுக்குப் பதில் லிட்டர் டீசல்.

படி 3: வழியில் போவது

தலைப்பில் அளந்தது போலவே வயலின் வாயிலிலும் அளந்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கடத்தும் திறன். தலைப்பில் நொடிக்கு 5 லிட்டர், வயலில் 4.2 என்றால் 84 சதவீதம். 200 மீட்டருக்குக் குறைவான, பராமரிப்பில் உள்ள மண் வாய்க்காலில் மணற்பாங்கான மண் என்றால் 80, வண்டலுக்கு 85, களிமண்ணுக்கு 90, பூச்சு வாய்க்காலுக்கு 95 என்று ஐநாவின் உணவு வேளாண் நிறுவனம் உத்தேச அளவு கொடுத்திருக்கிறது. அதைவிட மிகவும் குறைந்தால் எலி வளை, நண்டு வளை, மடையடியில் கசிவு, களை என்று நடந்து பார்க்க வேண்டியதுதான். மூடிய குழாய் என்றால் எல்லா வால்வையும் அடைத்து, பம்பை நிறுத்தி, கேஜ் முள் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பாருங்கள்.

படி 4: பங்கீடு

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம்.

*சொட்டுநீர்.* ஒரு வால்வின் கீழ் உள்ள பகுதியில் நான்கு பக்கக் குழாய்களைத் தேர்ந்தெடுங்கள்: முதலாவது, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒன்று, மூன்றில் இரண்டில் ஒன்று, கடைசி. ஒவ்வொன்றிலும் அதே மாதிரி நான்கு இடம். மொத்தம் 16. நன்றாகச் சொட்டுகிற சொட்டுவானாகப் பார்த்துப் பொறுக்காதீர்கள், அந்த இடத்தில் எது இருக்கிறதோ அதுதான் கணக்கு, ஒன்றுமே வராவிட்டால் பூஜ்யம் என்று எழுதுங்கள். வழக்கமாக ஓட்டுகிற அழுத்தத்தில், குழாய் முழுதும் நிரம்பிய பிறகு, டப்பாவைச் சொட்டுவானுக்கு அடியில் குழி பறித்து வைத்து மூன்று நிமிடம் பிடியுங்கள். குழாயின் வெளிப்புறம் வழிந்து வரும் தண்ணீர் டப்பாவுக்குள் விழாதபடி பக்கத்தில் ஒரு நூல் கட்டிவிட்டால் அது நூல் வழியாக வெளியே இறங்கிவிடும்.

மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் மூன்று நிமிடத்தில் 200 மில்லி தர வேண்டும். ஒரு வயலில் இப்படிக் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்:

முதல் குழாய்: 205, 200, 196, 190
இரண்டாவது: 200, 195, 188, 150
மூன்றாவது: 198, 190, 182, 120
கடைசி: 185, 176, 160, 105

மொத்தம் 2840, சராசரி 177.5. இனி ஆகக் குறைந்த கால்பங்கை, அதாவது 16-இல் நான்கை எடுங்கள்: 105, 120, 150, 160. இவற்றின் சராசரி 133.75. இதைப் பொதுச் சராசரியால் வகுத்தால் 75 சதவீதம். இதுதான் பங்கீட்டுச் சீர்மை. 90-க்கு மேல் அருமை, 80 முதல் 90 நல்லது, 70 முதல் 80 சுமார், 70-க்குக் கீழே போனால் உடனே வேலை இருக்கிறது.

75 என்றால் என்ன நடக்கிறது? சொட்டுவான் இடைவெளி 60 செ.மீ., வரிசை இடைவெளி 1.2 மீட்டர் என்றால் ஒரு சொட்டுவானுக்கு 0.72 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் விழுந்தால் அது 1 மி.மீ., இந்த ஒரு சமன்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பின்தங்கிய கால்பங்குக்கு மணிக்கு 3.7 மி.மீ.தான் கிடைக்கிறது. பயிருக்கு 5 மி.மீ. தேவை என்றால் அவற்றுக்காக ஒரு மணி 21 நிமிடம் ஓட்ட வேண்டும், அதற்குள் முதல் குழாயின் முதல் செடி 7.7 மி.மீ. வாங்கிவிடும். ஒன்றரை மடங்குக்கு மேல்! அதோடு உரமும் அந்தக் குழாயிலேயே போகிறதென்றால் உரமும் அதே விகிதத்தில்தான் பிரிகிறது, இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

சரி, காரணம் என்ன? அழுத்தமா, அடைப்பா? இதைப் பிரித்துப் பார்க்கத்தான் கேஜ். சாதாரணச் சொட்டுவானில் வெளியேறும் தண்ணீர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும், அதாவது அழுத்தம் 20 சதவீதம் குறைந்தால் தண்ணீர் சுமார் 10 சதவீதம்தான் குறையும். முதல் குழாயின் தொடக்கத்தில் 1 பார், கடைசிக் குழாயின் நுனியில் 0.8 பார் என்று வந்தால் அங்கே 183 மில்லி வந்திருக்க வேண்டும். வந்ததோ 105. அப்படியானால் குற்றவாளி அடைப்பு. நுனியில் அழுத்தமே 0.3 பார்தான் என்றால் சொட்டுவானைத் திட்டிப் பயனில்லை, குழாய் மெலிது, அல்லது நீளம் அதிகம், அல்லது ஒரே நேரத்தில் அதிக வால்வுகளைத் திறக்கிறீர்கள். அழுத்தச் சமன் சொட்டுவான் போட்டிருந்தால் அதன் வேலை வரம்புக்குள் தண்ணீர் மாறவே கூடாது, எனவே மாறினால் அடைப்போ உள்ளிருக்கும் ரப்பர் சவ்வின் பழுதோ என்று நேராகப் போகலாம்.

ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தம் பாருங்கள். சுத்தமாக இருக்கும்போது எவ்வளவு வித்தியாசம் என்று எழுதி வையுங்கள். அந்த வித்தியாசம் 0.3, 0.5 பார் என்று ஏறிவிட்டால் கழுவ வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருக்கிறது. வித்தியாசமே இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள், வலை கிழிந்திருக்கலாம். பிறகு பக்கக் குழாய்களின் நுனியைத் திறந்து வெள்ளைத் துணியில் பிடியுங்கள். பழுப்புச் சகதி என்றால் இரும்பு அல்லது வண்டல், கொழகொழவென்றால் பாசியும் நுண்ணுயிரும், வெள்ளைத் துகள் என்றால் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கு அமிலம், கொழகொழப்புக்குக் குளோரின். இரண்டையும் எந்தக் காரணம் கொண்டும் ஒன்றாகக் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும், ஆளையே கொல்லும். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல.

*தெளிப்பான்.* நான்கு தெளிப்பான்களுக்கு நடுவே உள்ள சதுரத்தில் டப்பாக்களைக் கட்டம் கட்டி வையுங்கள். 12க்கு 12 மீட்டர் இடைவெளி என்றால் 3 மீட்டர் கட்டங்களின் நடுவில் ஒவ்வொன்றாக 16 டப்பா. நீங்கள் வழக்கமாகப் பாய்ச்சும் வேளையில், வழக்கமான காற்றில், ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். காற்றே இல்லாத நாளாகப் பார்த்துச் சோதித்தால் நல்ல மார்க் வரும், ஆனால் பயிர் அந்த நாளில் மட்டுமா வளர்கிறது? டப்பாவில் சேர்ந்த மில்லி லிட்டரை வாயின் பரப்பால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் மி.மீ. வரும். வாய் விட்டம் 10.5 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 87 சதுர செ.மீ., ஆக 87 மில்லி என்பது 10 மி.மீ.

கணக்கு அதே கால்பங்குக் கணக்குதான். 1942-இல் கிறிஸ்டியன்சன் கொடுத்த இன்னொரு குணகமும் உண்டு: ஒவ்வொரு டப்பாவும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கூட்டி, அதை மொத்தச் சேகரிப்பால் வகுத்து, ஒன்றிலிருந்து கழிப்பது. அதில் 85 சதவீதத்துக்கு மேல் வந்தால் நல்லது. எனக்குக் கால்பங்கே பிடிக்கும், ஏனென்றால் கிறிஸ்டியன்சன் முறை அதிகம் குடித்தவனையும் பட்டினி கிடந்தவனையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுகிறது.

கூடவே நாசிலில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி வாளியில் பிடித்து ஒரு தெளிப்பான் எவ்வளவு கக்குகிறது என்று பாருங்கள். மணிக்கு 1500 லிட்டர் என்றால் 144 சதுர மீட்டருக்கு 10.4 மி.மீ. வர வேண்டும். டப்பாக்களின் சராசரி 8.9 தான் என்றால் மீதி 15 சதவீதம் ஆவியாகவும் காற்றோடும் போயிருக்கிறது. இரவிலோ விடியற்காலையிலோ பாய்ச்சினால் இது கணிசமாகக் குறையும். நாசில் துளை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, அதன் அளவுள்ள டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தை நுழைத்துப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் மாற்றிவிடுங்கள்.

*சால், பாத்தி.* இங்கே டப்பா வைக்க முடியாது, நேரத்தைத்தான் அளக்க வேண்டும். சாலின் ஓரமாகப் பத்து மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு, தண்ணீர் ஒவ்வொரு குச்சியையும் எட்டிய நேரம், பிறகு அதே இடத்தில் வடிந்து மறைந்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் மண் குடிக்கக் கிடைத்த நேரம். தண்ணீர் 50-ஆவது நிமிடத்தில் கடைசியை எட்டி, 60-இல் அடைத்து, தலையில் 70-ஆவது நிமிடத்திலும் கடைசியில் 85-ஆவது நிமிடத்திலும் மறைந்தது என்றால், தலைக்கு 70 நிமிடம், கடைக்கு 35. மண் முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் குடிப்பதால் இறங்கிய தண்ணீரும் அப்படியே இரட்டிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் வித்தியாசம் பெரிதுதான்.

பழைய கைக்கணக்கு ஒன்று: தேவையான தண்ணீர் மண்ணில் இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அதில் கால்வாசி நேரத்துக்குள் தண்ணீர் கடைசியை எட்டிவிட வேண்டும். இரண்டு மணி நேரம் தேவை என்றால் அரை மணி. எட்டாவிட்டால் ஒரே நேரத்தில் பாய்ச்சும் சால்களின் எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றுக்கும் அதிகத் தண்ணீர் விடுங்கள், மண் அரிக்காத அளவுக்கு. அல்லது சாலின் நீளத்தைக் குறையுங்கள். கடைசியை எட்டியதும் வரத்தைப் பாதியாக்கினால் வழிந்தோடுவது அடங்கும். பாத்தி என்றால் மேடு பள்ளம்தான் முதல் எதிரி, தண்ணீர் வடியும்போது எந்த இடம் முதலில் காய்கிறது, எங்கே கடைசி வரை தேங்குகிறது என்று பார்த்தால் சமன்படுத்த வேண்டிய இடம் தானாகத் தெரியும்.

படி 5: வேருக்குப் போனதா

பாய்ச்சிய மறுநாள் இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்துங்கள். ஈர மண்ணில் சுலபமாக இறங்கும், காய்ந்த அடுக்கில் முட்டி நிற்கும். தலை, நடு, கடை மூன்றிலும் குறியுங்கள், இரண்டு மூன்று இடத்தில் தோண்டியும் பாருங்கள், கல்லிலோ கெட்டி அடுக்கிலோ முட்டினாலும் கம்பி நின்றுவிடும்.

இப்போது கணக்கு. வயலின் வாயிலில் நொடிக்கு 5 லிட்டர், மூன்று மணி நேரம், 1000 சதுர மீட்டர்: 54,000 லிட்டர், அதாவது 54 மி.மீ. வண்டல் மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 150 மி.மீ. பயிருக்குக் கிடைக்கும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் (மணல் 50 முதல் 110, களிமண் 120 முதல் 200). வேர் 40 செ.மீ. என்றால் 60 மி.மீ., பாதி தீர்ந்ததும் பாய்ச்சுகிறீர்கள் என்றால் மண்ணுக்குத் தேவை 30 மி.மீ. கொடுத்தது 54, தங்கியது அதிகபட்சம் 30. வயலுக்குள் திறன் 56 சதவீதம். வாய்க்காலின் 84-ஐயும் இதோடு பெருக்கினால் மொத்தம் 47.

இந்த எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. தேவைக்குப் பாதி மட்டும் தண்ணீர் விட்டால் ஒரு சொட்டும் கீழே போகாது, திறன் 100 சதவீதம் என்று காட்டும், பயிர் மட்டும் செத்துப்போகும். எனவே திறனைத் தனியாகப் பார்க்காதீர்கள், போதுமான தண்ணீர் போனதா என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். உப்புத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு வேருக்குக் கீழே கொஞ்சம் போய்த்தான் ஆக வேண்டும், உப்பைக் கழுவ அது வேண்டும், அதை வீண் என்று கணக்கெழுதக் கூடாது.

படி 6: தேவையோடு ஒப்பிடுவது

பயிரின் ஒரு நாள் தேவை என்பது வானிலையின் ஆவியாக்கும் அளவைப் பயிர்க் குணகத்தால் பெருக்கினால் வருவது. உணவு வேளாண் நிறுவனத்தின் 1998-ஆம் ஆண்டு 56-ஆவது பாசனக் கையேட்டில் பயிர்வாரியாகக் குணகங்கள் இருக்கின்றன: தக்காளிக்குத் தொடக்கத்தில் 0.6, காய்க்கும் பருவத்தில் 1.15. வறண்ட வெப்பப் பகுதியில் ஆவியாக்கும் அளவு நாளுக்கு 6 முதல் 8 மி.மீ., ஈரப்பதமான மிதமான இடத்தில் 3 முதல் 5. அதாவது ஒரே தோட்டத்தில், ஒரே வானிலையில்கூட, நாற்று நட்டபோது இருந்த தேவை காய்க்கும்போது கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. பருவம் முழுவதும் தினம் ஒரு மணி நேரம் என்று ஓட்டுகிறவர்கள் முதலில் வீணடித்து, பிறகு பட்டினி போடுகிறார்கள். மழை பெய்தால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

எதை முதலில் சரிசெய்வது

பங்கீட்டுச் சீர்மை 75-க்குக் கீழே இருக்கும்போது நேரத்தைக் குறைத்துத் தண்ணீர் சேமிக்கப் பார்க்காதீர்கள், கடைமடைதான் சாகும். முதலில் கழுவுதல், குழாய் நுனியைத் திறந்து அலசுதல், கசிவு அடைத்தல், ஒரே நேரத்தில் திறக்கும் வால்வுகளைக் குறைத்தல் என்று செலவில்லாத வேலைகள். அதன் பிறகு தேய்ந்த நாசிலும் அடைந்த சொட்டுவானும். குழாய் மாற்றுவதும் நிலம் சமன்படுத்துவதும் கடைசி, பம்பு மாற்றுவது அதற்கும் கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், கடைசிச் செடிக்குத் தண்ணீர் போகவில்லை என்றதும் பெரிய மோட்டார், அது வந்ததும் இன்னொரு இடத்தில் குழாய் வெடிப்பு.

சீர்மை 85-ஐத் தாண்டிய பிறகுதான் நேர அட்டவணையில் கை வைக்க வேண்டும். அப்போது பின்தங்கிய கால்பங்கின் எண்ணை வைத்தே நேரத்தைக் கணக்கிடுங்கள், படி 4-இல் செய்தது போல. சரிசெய்த ஒவ்வொரு முறையும் அதே 16 இடத்தில், அதே கேஜ் அழுத்தத்தில் மறுபடி பிடித்துப் பாருங்கள், இடம் மாறினால் ஒப்பிட முடியாது, அதனால் முதல் நாளே அந்த இடங்களில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுவது நல்லது. சொட்டுநீருக்குப் பருவத் தொடக்கத்திலும் நடுவிலும், தெளிப்பானுக்கு வருடம் ஒரு முறை, சாலுக்கு உழுத பிறகு வரும் முதல் பாய்ச்சலிலும் அதற்கடுத்த ஒன்றிலும். புதிதாக உழுத மண் முதல் தடவை மிக அதிகமாகக் குடிக்கும், அந்த ஒரு நாளை மட்டும் வைத்து முடிவெடுத்தால் பருவம் முழுவதும் தப்பான நேரத்துக்கு மடையைத் திறந்துகொண்டிருப்பீர்கள்.